புல்லுக்குக் குடிநீர், மனிதனுக்கு டேங்கரா?

2024-ம் ஆண்டு மார்ச் மாதத்தைப் பெங்களூரில் வாழும் யாரும் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். நகரத்தில் அரசாங்கம் போட்ட ஆழ்துளைக் கிணறுகள் சுமார் 14 ஆயிரம். அவற்றில் 6,900 கிணறுகள் வற்றிவிட்டன என்று மாநில அரசே அறிவித்தது. டேங்கர் லாரித் தண்ணீருக்கு அதிகாரிகள் விலை நிர்ணயம் செய்ய வேண்டிய நிலை வந்தது. குழாயில் வரும் குடிநீரைக் கார் கழுவவும், தோட்டத்துக்கு ஊற்றவும், கட்டட வேலைக்கும், அலங்கார நீரூற்றுக்கும் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. 2025 பிப்ரவரியில் அதே உத்தரவு மறுபடியும் வந்தது.

உத்தரவு சரிதான். குடிக்க இல்லாத தண்ணீரைப் புல்லுக்கு ஊற்றுவது எந்த நியாயத்திலும் சேராது. ஆனால் தடை உத்தரவு என்பது கோடையில் பிறந்து மழையில் கரைந்துவிடுகிற சமாசாரம். மழை பெய்ததும் அதிகாரிகளும் மறப்பார்கள், மக்களும் மறப்பார்கள். பூங்காவிலுள்ள போர்வெல் மறுபடி ஓட ஆரம்பிக்கும். அடுத்த மார்ச்சில் மறுபடி அபராதம், மறுபடி டேங்கர், மறுபடி குடம் தூக்கும் வரிசை.

இதற்கு நிரந்தரமான வழி ஒன்றுதான். நகரம் ஒரு முறை பயன்படுத்திவிட்டுச் சாக்கடையில் விடுகிற தண்ணீரை நன்றாகச் சுத்தம் செய்து, பூங்காக்களுக்கு அதை மட்டுமே பாய்ச்ச வேண்டும். பூமிக்கடியில் இருக்கும் நீரை மனிதர்களுக்காக விட்டுவைக்க வேண்டும்.

ஓர் ஏக்கர் புல்லின் தாகம்

பூங்கா எவ்வளவு தண்ணீர் குடித்துவிடும் என்று சிலர் அலட்சியமாகக் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கோடையில் புல்தரை பசுமையாக இருக்க வேண்டுமானால் நாளொன்றுக்குக் குறைந்தது நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்காவது தண்ணீர் தேவை. ஓர் ஏக்கரில் நான்கு மில்லிமீட்டர் என்றால் 16,000 லிட்டர். நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடத்தால் அளந்தால் ஆயிரம் குடத்துக்கு மேல். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வேண்டும் என்பது மத்திய அரசு வகுத்த அளவு. அந்த அளவுப்படி, ஓர் ஏக்கர் புல்தரை ஒரு நாளில் குடிப்பது 120 பேருக்கான தண்ணீர். நான்கு பேர் கொண்ட முப்பது குடும்பங்கள்!

நகரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூங்காக்கள் உள்ளன. எல்லாம் சேர்ந்து ஆயிரம் ஏக்கர் புல்தரை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால்கூட, நாள்தோறும் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேரின் தண்ணீர் அது.

"புல்லுக்கு விட்டால் என்ன? அந்தத் தண்ணீர் மறுபடி பூமிக்குள்தானே போகிறது" என்று டீக்கடையில் ஒருவர் வாதாடலாம். அப்படிப் போவதில்லை. கோடை வெயிலில் பாய்ச்சும் நீரில் பெரும்பகுதி இலை வழியாகவும் மண் வழியாகவும் ஆவியாகிவிடும். மீதி மேல் மண்ணை நனைத்து நின்றுவிடும். பெங்களூரின் அடியில் இருப்பது கடினமான கருங்கல் பாறை. அதன் வெடிப்புகளில்தான் நிலத்தடி நீர் தங்குகிறது. ஆயிரம் அடிக்கும் கீழே, ஆண்டாண்டுக் காலமாகச் சேர்ந்த நீரை மோட்டார் வைத்து மேலே இழுத்துப் புல்லில் தெளிப்பது, பாங்கியில் போட்ட முதலை எடுத்துப் பட்டாசு வாங்குவது போலத்தான்.

அந்த முதலில் மறுபடி பணம் போட்டு வந்த ஏரிகளையும் நாம் விட்டுவைக்கவில்லை. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று மெஜஸ்டிக் பஸ் நிலையம். சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா ஸ்டேடியம். மழைநீரை இறக்கி வைக்க இடமில்லை. ஆனால் உறிஞ்சுவதற்கு மட்டும் தெருவுக்குத் தெரு போர்வெல். வரவு நின்று செலவு மட்டும் ஓடினால் எந்தக் கணக்குப் புத்தகம் தாங்கும்?

மேட்டில் அமர்ந்த நகரம்

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில், மேட்டின் முதுகில் அமர்ந்த ஊர். பக்கத்தில் வற்றாத நதி கிடையாது. 1896-ல் ஹெசரகட்டாவிலிருந்தும், 1933-ல் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும் அர்க்காவதி நீர் வந்தது. ஊர் பெருத்தது, அது போதவில்லை. 1974-ல் காவிரி முதல் கட்டம் வந்தது. அதன் பிறகு கட்டம் கட்டமாக வளர்ந்து, 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம் தொடங்கியது. அது ஒன்றின் அளவே நாளொன்றுக்கு 77 கோடியே 50 லட்சம் லிட்டர்.

இந்தத் தண்ணீர் சும்மா வந்துவிடவில்லை. சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து, தொரெக்காடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி என்று மூன்று இடங்களில் பம்ப் செய்து, ஏறத்தாழ 1,600 அடி உயரம் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். குடிநீர் வாரியத்தின் செலவில் பெரும்பங்கு மின்சாரத்துக்கே போகிறது. இவ்வளவு பாடுபட்டு மலையேற்றிய தண்ணீரை நாம் ஒரு தடவை குளித்து, ஒரு தடவை பாத்திரம் கழுவி, சாக்கடையில் தள்ளிவிடுகிறோம். வீட்டுக்கு வரும் நீரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியேறுகிறது என்பது பொறியாளர்கள் போடும் பொதுக் கணக்கு.

அப்படியானால் என்ன அர்த்தம்? காவிரி வற்றினாலும், மழை பொய்த்தாலும், நகரத்தில் மனிதர்கள் இருக்கும் வரை குறையாமல் வருகிற ஓர் ஊற்று நம் காலடியிலேயே ஓடுகிறது. அதற்குப் புதிதாக அணை கட்ட வேண்டாம். எந்த மாநிலத்தோடும் வழக்காட வேண்டாம்.

வழி தெரியாமல் இல்லை

இது ஏதோ ஏட்டில் மட்டும் இருக்கிற யோசனை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்தின் கோல்டன் கேட் பூங்காவுக்கு 1932-லேயே கழிவுநீரைச் சுத்தம் செய்து பாய்ச்ச ஆரம்பித்தார்கள். சென்னையில் 1990-களிலேயே மணலிப் பக்கத்துப் பெரிய தொழிற்சாலைகள் கழிவுநீரை வாங்கிச் சுத்தம் செய்து பயன்படுத்தின. 2019-ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் வீதம் சுத்திகரிக்கும் நிலையங்கள் அமைந்தன. அந்த நீரும் தொழிற்சாலைகளுக்குத்தான் போகிறது.

அவ்வளவு தூரம் ஏன்? நம் கப்பன் பார்க்கிலும் லால்பாக்கிலுமே சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அக்கம்பக்கத்துச் சாக்கடை நீரை இழுத்து, நுண்ணிய சவ்வு வழியாக வடிகட்டி, மரங்களுக்கும் செடிகளுக்கும் பாய்ச்சுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை குழந்தை குட்டிகளோடு லால்பாக் போய்ப் புல்லில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டு வரும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஜக்கூர் ஏரியிலும் சுத்தம் செய்த நீரையே செடிகள் அடர்ந்த சதுப்பின் வழியாகச் செலுத்தி ஏரியை நிரப்புகிறார்கள். ஏரி நிறைந்தால் சுற்றுப்புறக் கிணறுகளிலும் நீர் ஊறும்.

2024 கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, சின்னசாமி ஸ்டேடியத்தில் கிரிக்கெட் நடக்க வேண்டுமே என்று, கப்பன் பார்க் நிலையத்தின் சுத்திகரித்த நீர் மைதானத்துக்குக் கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். நல்ல ஏற்பாடு. கிரிக்கெட் புல்லுக்குச் செய்ய முடிந்ததை நம் வார்டு பூங்காவுக்கு ஏன் செய்ய முடியாது? இதுதான் நம் கேள்வி.

நகரத்தில் முப்பதுக்கு மேற்பட்ட பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ளன. சுத்தம் செய்த நீர் இருக்கிறது. அதைப் பூங்காவுக்குக் கொண்டுபோகும் குழாய்தான் இல்லை. நீர் வாரியத்தின் கையில். பூங்கா மாநகராட்சியின் கையில். 2025-ல் அந்த மாநகராட்சியும் ஐந்தாகப் பிரிந்துவிட்டது. யார் குழாய் போடுவது, யார் பணம் கொடுப்பது என்று கோப்புகள் மேஜைக்கு மேஜை நடந்தால், அதற்குள் இன்னும் நூறு போர்வெல் வற்றிவிடும். ஆபீசில் வேலை செய்யும் நம் குமாஸ்தா நண்பர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. இரண்டு இலாகாக்களுக்கு நடுவே விழுந்த கோப்பின் கதி என்ன என்று அவர்களுக்குத் தெரியாததா?

அருவருப்பும் ஐயமும்

சாக்கடைத் தண்ணீர் என்றதும் முகம் சுளிப்பது இயற்கை. அதனால் அந்த நீர் என்ன ஆகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் குப்பையையும் மணலையும் தடுத்து எடுக்கிறார்கள். அடுத்து காற்றைச் செலுத்துகிறார்கள். அந்தக் காற்றில் வளரும் கிருமிகள் அழுக்கைத் தின்றுவிடுகின்றன. பிறகு தெளியவிடுகிறார்கள். இது இரண்டாம் கட்டம். மூன்றாம் கட்டத்தில் மணல் அல்லது சவ்வு வழியாக வடிகட்டி, குளோரின் போட்டோ ஒளிக்கதிர் பாய்ச்சியோ மிச்சமிருக்கும் நோய்க்கிருமிகளைக் கொல்கிறார்கள். இவ்வளவும் ஆன பிறகு வருகிற நீரில் நாற்றம் இருக்காது. செடிக்கு உரமாகும் சத்து மட்டும் ஓரளவு தங்கியிருக்கும். அது பூங்காவுக்கு லாபம்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் உருண்டு விளையாடும் புல்லுக்கு மூன்று கட்டமும் முடிந்த நீர்தான் வேண்டும். பாதிக் கிணறு தாண்டும் வேலை இங்கே உதவாது. கோரமங்களா, சல்லகட்டா பள்ளத்தாக்குகளின் கழிவுநீரை இரண்டாம் கட்டம் வரை சுத்தம் செய்து 2018 முதல் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். காய்ந்து கிடந்த ஏரிகளில் நீர் வந்தது உண்மை. மூன்றாம் கட்டமும் செய்து அனுப்புங்கள் என்று அங்குள்ள விவசாயிகள் கேட்பதும் நியாயம். தங்கவயலில் பிறந்து இங்கே பிழைக்க வந்த நம்மவர்களுக்கு அந்த ஏரிகளின் அருமை தெரியும்.

பீன்யா போன்ற தொழிற்பேட்டைகளின் ரசாயனக் கழிவு வீட்டுக் கழிவுநீரோடு கலக்கவும் கூடாது. கிருமியைக் கொல்லலாம், சாயத்தையும் உலோகத்தையும் கிருமி தின்னாது.

பூங்காத் தொழிலாளிகளை மறந்துவிடக் கூடாது. நாளெல்லாம் அந்தக் குழாயைப் பிடித்து நிற்கப் போவது அவர்கள்தான். கையுறையும் காலணியும் கொடுக்க வேண்டும். ஆட்கள் இல்லாத இரவு அல்லது விடியற்காலை நேரத்தில், மேலே பீய்ச்சாமல், வேரடியில் சொட்டாகவோ வாய்க்காலாகவோ பாய்ச்ச வேண்டும். குடிநீர்க் குழாயோடு இந்தக் குழாய் எங்கும் சேரக் கூடாது. நிறத்தைப் பார்த்தே அடையாளம் தெரிய வேண்டும். "இது குடிக்கிற நீர் அல்ல" என்று கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் பலகை வைக்க வேண்டும்.

நமக்கு என்ன வந்தது?

"நாம் வேலை தேடி வந்தவர்கள். பூங்கா, வார்டு, வாரியம் எல்லாம் ஊர்க்காரர்கள் பாடு" என்று நினைக்கிறவர்கள் நம்மில் உண்டு. அது தவறான எண்ணம்.

பூங்கா பணக்காரர் சமாசாரம் அல்ல. பங்களாக்காரருக்கு வீட்டுக்குள்ளேயே தோட்டம் இருக்கிறது. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் குடியிருக்கிற ஸ்ரீராமபுரத்துக்காரனுக்கும் விவேக்நகர்காரனுக்கும்தான் மாலையில் காற்று வாங்க ஒரு மரநிழல் தேவை. அதனால் தண்ணீர் இல்லை என்று பூங்காவை வாடவிடுவதும் நமக்கு நஷ்டம். பூங்காவுக்காக நிலத்தடி நீரை உறிஞ்சுவதும் நமக்கு நஷ்டம். அதே பாறை வெடிப்பிலிருந்துதான் நம் தெரு போர்வெல்லும் நீர் எடுக்கிறது. அது வற்றினால் வீட்டுக்காரர் டேங்கர் செலவை வாடகையோடு சேர்த்து நம் தலையில்தான் கட்டுவார்.

இன்னொன்றும் உண்டு. பெங்களூர் மேட்டிலிருந்து வழியும் சாக்கடை இரண்டு பக்கமும் இறங்குகிறது. மேற்கே விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கும், அங்கிருந்து காவிரிக்கும் போகிறது. கிழக்கே பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டித் தென்பெண்ணையாற்றில் கலந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. பெல்லந்தூர் ஏரியில் நுரை பொங்கியதையும் 2017-லும் 2018-லும் தீப்பிடித்ததையும் உலகமே பார்த்தது. கெலவரப்பள்ளியில் பொங்கும் நுரையை ஓசூர் விவசாயி பார்க்கிறான். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்து வந்தவர்கள் இங்கே ஏராளம். இந்த ஊரில் நாம் விடுகிற அழுக்கு நம் சொந்த ஊர் வயலுக்கே போய்ச் சேருகிறது! சுத்திகரித்தால் இங்கே பூங்கா பிழைக்கும். அங்கே வயல் பிழைக்கும்.

காவிரியைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. 2018 பிப்ரவரி தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட் கர்நாடகத்துக்குக் கூடுதலாகத் தந்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்காகவே தரப்பட்டது. அந்த நீரைக் குடிக்கிறவர்களில் நாமும் இருக்கிறோம். காவிரிப் பேச்சு சூடாகும்போதெல்லாம், 1991-லும் 2016-லும் நடந்ததை நினைத்து இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் கதவைச் சாத்திக்கொண்டு கலங்குகின்றன. பூங்காவுக்குச் சுத்திகரித்த நீர் பாய்ச்சினால் காவிரித் தகராறு தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நகரத்தின் தாகம் ஒரு குடம் குறைந்தால், நெருக்கடியும் அந்த அளவுக்குக் குறையும். தண்ணீர் விஷயத்தில் கன்னடரும் தமிழரும் ஒரே பக்கம் நின்று கேட்கக்கூடிய கோரிக்கை இது.

கேட்க வேண்டியது

சுத்திகரிப்பு நிலையம் பக்கத்தில் உள்ள பூங்காக்களுக்கு முதலில் குழாய் போட வேண்டும். குழாய் போக முடியாத இடங்களுக்கு, அது வரும் வரை, வாரியம் டேங்கரில் சுத்திகரித்த நீரை அனுப்ப வேண்டும். பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் தங்கள் கழிவுநீரைத் தாங்களே சுத்தம் செய்ய வேண்டும் என்பது சட்டம். அவர்கள் செலவழித்து மிச்சமாகும் நீரைச் சாக்கடையில் விடாமல், பரிசோதித்து, பக்கத்துப் பூங்காவுக்கு வாங்க வேண்டும். சுத்திகரித்த நீர் வந்த பூங்காவில் போர்வெல் மோட்டாரை நிறுத்தி, அதே குழியில் மழைநீரை வடிகட்டி இறக்க வேண்டும். வறட்சி தாங்கும் உள்ளூர் மரங்களை அதிகமாக்கி, அழகுக்காக வளர்க்கும் புல்தரையைக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு பூங்கா வாசலிலும், அங்கே பாய்வது எந்தத் தண்ணீர், கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள், முடிவு என்ன என்று பலகையில் எழுதி வைக்க வேண்டும். மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்றால் எழுதுவதற்கு என்ன தயக்கம்?

இவற்றில் எதுவும் நம் சக்திக்கு மீறியது அல்ல. உங்கள் தெருப் பூங்காவில் ஓடுவது போர்வெல் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா, சுத்திகரித்த நீரா என்று அங்கே வேலை செய்பவரை இந்த வாரம் கேளுங்கள். பதில் தெரிந்ததும் வார்டு ஆபீசுக்கும் குடிநீர் வாரியத்துக்கும் ஒரு மனு எழுதுங்கள். மனுவைக் கன்னடத்தில் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் உங்கள் பிள்ளை எழுதித் தரும். முதல் கையெழுத்தைப் பக்கத்து வீட்டுக் கன்னட நண்பரிடம் வாங்குங்கள். இரண்டாவது கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். ஐம்பது கையெழுத்து சேர்ந்தால் எந்த அதிகாரியும் அதைக் குப்பைக் கூடையில் போடத் தயங்குவார்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியவர்கள். ஆறே இல்லாத ஊரில், ஆயிரம் அடிக்குக் கீழிருந்து எடுத்த நீரை அளக்காமல் புல்லில் கொட்டுவதை இனியும் பார்த்துக்கொண்டிருக்கலாமா?